சப்பாத்துக்குள் இருந்த அட்டைகள்

கண்டியிலிருந்து பேராதனைக்குப் போகிற வழியில், ஒரு மாடிக் கட்டடத்தின் இரண்டாம் தளத்தில் நான் ஆறு வருடம் வாசல் காத்தேன். நியமனக் கடிதத்தில் அதை இவ்வளவு வெளிப்படையாகச் சொல்லவில்லை. ‘நுழைவுக் கட்டுப்பாட்டு உத்தியோகத்தர்’ என்று போட்டிருந்தார்கள். நகரசபையில் எழுதுவினைஞராக இருந்த என் அப்பா அந்தக் கடிதத்தை உறையோடு பையில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் திரிந்தார். மகள் அங்கே எதைக் கட்டுப்படுத்துகிறாள் என்று யாராவது கேட்டிருந்தால் அவருக்குப் பதில் தெரிந்திருக்காது. எனக்கும் தெரிந்திருக்காது.

எனக்கு ஒரு மேசை, ஒரு கதிரை, ஒரு பெரிய பதிவுப் புத்தகம், அதோடு நூலால் கட்டிய ஒரு பேனா. வருகிறவருடைய பெயர், அட்டை இலக்கம், வந்த நேரம், போன நேரம், கையெழுத்து. எனக்குப் பின்னால் இருந்த கதவுக்கு அப்பால்தான் அந்த மகா மண்டபம். நாலைந்து நிறுவனங்கள் தங்கள் கணினிகளை அங்கே வாடகைக்கு வைத்திருந்தன. ஒரு மருத்துவ ஆய்வுகூடம், ஒரு தனியார் கல்லூரி, ஒரு தேயிலை ஏற்றுமதிக் கம்பனி, இன்னும் இரண்டு பேர். ஒவ்வொருவருக்கும் கம்பிக் கதவு போட்ட இரும்பு அலுமாரிகள். அவற்றுக்குக் குளிர், நிற்காத மின்சாரம், காவல் மூன்றையும் நாங்கள் கொடுப்பதாக ஒப்பந்தம். குளிர் கொடுத்தோம். மின்சாரமும் பெரும்பாலும் கொடுத்தோம்.

காவலைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

அந்த மண்டபத்துக்குப் பின்பக்கமாக, வெளிப்படிக்கட்டில் திறக்கிற ஒரு கதவு இருந்தது. குளிர்சாதனப் பெட்டிகளைப் பழுது பார்க்கிறவர்கள் வருவதற்காக வைத்த கதவு. பெட்டி ஒன்று பழுதானால் அந்தக் கதவைத் திறந்து வைத்துக் காற்று விடுவார்கள். மூடாமல் இருக்க ஒரு குரோட்டன் செடித் தொட்டியை முட்டுக் கொடுப்பார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே ஒரு பெட்டி பழுதாகி, அது திருத்தப்படாமலே இருந்ததால், தொட்டியும் அங்கேயே இருந்தது. செடி நன்றாக வளர்ந்தது. ஒரு நாள் அந்த வழியாக ஒரு குரங்கு வந்து, மின்கல அறைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டு காவலாளியின் சோற்றுப் பார்சலைப் பிரித்துத் தின்றது. கண்டியில் குரங்கு வருவது அதிசயமில்லை. அதிசயம் என்னவென்றால், அன்று மாலை முகாமையாளர் கூட்டம் போட்டு எடுத்த தீர்மானம். இனிமேல் யாரும் மின்கல அறையில் சாப்பாடு வைக்கக் கூடாது. கதவைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

கமரா இருந்தது. கமரா பிடித்த படம் போய்ச் சேருகிற பெட்டி பல மாதமாக நிரம்பிக் கிடந்தது. அதைத் துடைத்துப் புதிதாக்கும் கடவுச்சொல், வேலையை விட்டுப்போன ஒருவருக்கு மட்டும்தான் தெரியும். அவர் டுபாயில் இருந்தார். திரையில் படம் ஓடிக்கொண்டிருந்ததால் வருகிறவர்களுக்குத் திருப்தி. கிரிக்கெட் போட்டி நடக்கிற நாட்களில் அந்தத் திரையில் வேறு படம் ஓடும்.

கீழ்வாசலில் ஒரு காவலாளி. சிங்கள மனிதர், நல்ல மீசை, நல்ல சீருடை. யார் வந்தாலும் எழுந்து நின்று சல்யூட் அடிப்பார். யார் என்று கேட்க மாட்டார். ஒரு தடவை நான் இதைப் பற்றிக் கேட்டபோது, வருகிறவர் எல்லாம் ‘அபே கெனெக்’ என்றார். நம்ம ஆள். அவ்வளவுதான் அவருடைய பாதுகாப்புச் சாஸ்திரம். ஆனால் ஒருவருடைய பையை மட்டும் அவர் தினமும் திறந்து பார்ப்பார். எங்கள் துப்புரவுத் தொழிலாளியான அக்காவின் பை. காலையில் வரும்போது ஒரு தடவை, மாலையில் போகும்போது ஒரு தடவை. சாப்பாட்டுப் பெட்டியின் மூடியைக்கூடக் கழற்றச் சொல்வார்.

அக்கா ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்து லயத்திலிருந்து வருகிறவர். புருஷன் இல்லை. ஒரே மகள், நகரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை. அக்கா காலை ஏழரைக்கு வந்து தரை துடைத்து, குப்பைச் சாக்கு மாற்றி, எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார். என்னைப் ‘புள்ள’ என்பார். நான் ‘அக்கா’ என்பேன். எங்கள் தாத்தாவும் ஒரு தோட்டத்திலிருந்துதான் நகரத்துக்கு இறங்கி வந்தவர். ஆனால் எங்கள் வீட்டில் ‘தோட்டம்’ என்ற சொல்லைக் குரலைத் தாழ்த்தித்தான் சொல்வார்கள், ஏதோ வியாதியின் பெயரைப் போல. நானும் அக்காவிடம் அதைச் சொன்னதில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

இப்போது சப்பாத்து விஷயத்துக்கு வருகிறேன்.

மண்டபத்துக்குள் தூசு போகக் கூடாது. அதனால் சப்பாத்தை வெளியே கழற்ற வேண்டும். எங்கள் ஆட்களுக்கு இது ஒரு கஷ்டமே இல்லை. வீட்டிலும் கோயிலிலும் விகாரையிலும் பள்ளிவாசலிலும் கழற்றுகிறவர்கள்தானே. கதவுக்குப் பக்கத்தில் மரத்தட்டுகளால் ஒரு சப்பாத்து றாக்கை அடித்து வைத்திருந்தார்கள். எல்லோரும் ஒழுங்காகக் கழற்றி வைத்துவிட்டு, காலுறையோடு பயபக்தியாக உள்ளே போவார்கள். சட்டம் போட்டு மூன்று பேரைக்கூட ஒரு வரிசையில் நிற்கவைக்க முடியாத நாட்டில், இந்த ஒரு சட்டத்தை மட்டும் ஒருவரும் மீறியதில்லை.

கதவைத் திறக்க ஆளுக்கொரு அட்டை. கழுத்தில் மாட்டிக்கொள்ளும் பட்டியோடு. உள்ளே போவதற்குத்தான் அட்டை வேண்டும், வெளியே வர ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஒரு தடவை தேயிலைக் கம்பனிக்காரர் அலுமாரிக்குள் குனிந்தபோது அவருடைய அட்டைப் பட்டி ஒரு காற்றாடிக்குள் சிக்கி, கழுத்தை இழுத்து, பெரிய கூச்சலாகிவிட்டது. அதற்குப் பிறகு முகாமையாளர் வாய்மொழியாக ஒரு உத்தரவு போட்டார். உள்ளே போகிறவர்கள் அட்டையைக் கழுத்தில் போடக் கூடாது. எங்கே போடுவது என்று அவர் சொல்லவில்லை.

அவர்களாகவே ஒரு இடம் கண்டுபிடித்தார்கள். அட்டையைக் காட்டிக் கதவைத் திறப்பார்கள், காலால் கதவைத் தடுத்து வைத்துக்கொள்வார்கள், திரும்பிக் குனிந்து அட்டையைத் தங்கள் சப்பாத்துக்குள் போட்டுவிட்டு உள்ளே போவார்கள். சிலர் மோட்டார் சைக்கிள் திறப்பையும், அதே சாவிக்கொத்தில் கோத்த அலுமாரியின் மேலதிகத் திறப்பையும் அதற்குள்ளேயே போடுவார்கள்.

இதில் ஒரு நியாயம் இருந்தது என்று அவர்கள் உண்மையாகவே நம்பினார்கள். நான் ஒருவரைக் கேட்டே பார்த்தேன். தனியார் கல்லூரியின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவர். டை கட்டி, நறுமணம் பூசி, வாரம் இரண்டு தடவை வருவார்.

“அடுத்தவன்ட சப்பாத்துக்குள்ள எவன் மிஸ் கையப் போடுவான்?” என்றார். “மேசையில வச்சாத்தான் எடுப்பானுங்க.”

அதாவது, எங்கள் மண்டபத்தின் முழுப் பாதுகாப்பும் கால் நாற்றத்தின் மேல் கட்டப்பட்டிருந்தது. அடுத்தவருடைய செருப்பைக் கையால் தொடுவது கேவலம் என்று எல்லோருக்கும் பால்குடியிலேயே ஊட்டியிருக்கிறார்கள். ஆகவே ஒருவரும் தொட மாட்டார்கள். இதைவிடப் பலமான பூட்டு ஏது? வெளிநாட்டிலிருந்து வரவழைத்த கதவு, அதற்கு மேலே ஒரு சிவப்பு விளக்கு, அதற்குக் கீழே ஐந்தாறு சோடிச் சப்பாத்து, ஒவ்வொன்றுக்குள்ளும் அந்தக் கதவைத் திறக்கிற அட்டை. நான் ஆறு வருடம் அதற்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். முதல் வாரம் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

சப்பாத்தைத் தொடுகிற ஒரே ஆள் அக்காதான். கண்டி மழைக்கு றாக்கை நனைந்து சேறாகும். அக்கா ஒவ்வொன்றையும் தூக்கி, கீழே துடைத்து, சோடி சேர்த்து அடுக்குவார். யாரும் சொல்லாமலே அவருடைய வேலையாகிவிட்ட வேலை.

வருடத்துக்கொரு தடவை கொழும்பிலிருந்து கணக்காய்வு செய்கிறவர்கள் வருவார்கள். அன்று காலை முகாமையாளர் அக்காவைக் கூப்பிட்டு, “சப்பாத்துக்குள்ள கிடக்கிற அட்டையளை எல்லாம் எடுத்து உம்மட வாளிக்குள்ள போட்டு வையும், அவையள் போனாப் பிறகு திருப்பிப் போடலாம்” என்பார். அவர் யாழ்ப்பாணத்துக்காரர். படித்தவர், கோபமே வராத மனிதர், எதையும் பூசி மெழுகுவதில் மன்னர். அக்காவும் அப்படியே செய்வார். எந்த அட்டை எந்தச் சப்பாத்துக்கு என்று ஒரு தடவைகூடத் தவறியதில்லை. வந்தவர்கள் தங்கள் பளபளப்பான சப்பாத்துகளைக் கழற்றி வைத்துவிட்டு, உள்ளே போய்க் கடதாசியில் சரி போட்டுக்கொண்டு வருவார்கள். மத்தியானம் பிரியாணி. மூன்றாம் வருடம் வந்தவர்களில் ஒருவர், நாங்கள் கொடுத்த விருந்தினர் அட்டையைத் தன்னுடைய சப்பாத்துக்குள்ளேயே போட்டுவிட்டு உள்ளே போனார். யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அது இந்த மண்ணின் ஞானம்.

என்னைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் நான் மட்டும் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு காவல் இருந்த மாதிரி ஆகிவிடும். போகிறவர்கள் யாரும் போன நேரம் எழுதுவதில்லை. அதனால் மாலை ஐந்தரைக்கு நானே எல்லோருக்கும் ஐந்து மணி, ஐந்தேகால் என்று போட்டுவிடுவேன். கையெழுத்துக்கு ஒரு கோடு. தெரிந்த முகம் வந்தால் பல நாள் பெயரே எழுத மாட்டேன். தெரிந்த மனிதரை நிறுத்தி அட்டை எங்கே, கடிதம் எங்கே என்று கேட்பது எங்கள் ஊரில் கன்னத்தில் அறைவதற்குச் சமம். அவர் முகம் சுண்டிவிடும். பிறகு எங்கள் அம்மா காதுவரை போகும், உன் மகளுக்கு என்ன பெரிய உத்தியோகமோ என்று. கீழே இருந்த காவலாளியைப் பார்த்துச் சிரித்தேனே, அவருக்கும் எனக்கும் இருந்த வித்தியாசம் ஒரு மாடிதான்.

அந்தப் புதன்கிழமையும் அப்படித்தான். காலை ஒன்பது மணிக்குக் கல்லூரிக்காரர் வந்தார். எழுதினேன். அட்டையைக் காட்டிச் சப்பாத்துக்குள் போட்டுவிட்டு உள்ளே போனார். பத்தரை இருக்கும், ஆய்வுகூடத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்கிறவர் வந்தார். சிரித்த முகம். என்னோடு மரியாதையாகப் பேசுகிற சொற்ப பேரில் ஒருவர். அவருடைய அட்டை காலாவதியாகி மூன்று வாரம். புதுப்பிக்க ஒரு படிவத்தில் மூன்று பேரின் கையெழுத்து வேண்டும், அதில் ஒருவர் மகப்பேற்று விடுமுறையில்.

“மிஸ், ரெண்டே ரெண்டு நிமிஷம். ஒண்ணப் பாத்துட்டு ஓடிர்றேன்” என்றார்.

அவருடைய பெயரை எழுதினால் அட்டை இலக்கமும் எழுத வேண்டும். செல்லாத அட்டை இலக்கத்தை எழுதினால் விசாரணை வரும். எழுதாமல் விட்டால் ஒன்றும் வராது. “போங்க, போங்க” என்றேன்.

அவர் எப்படி உள்ளே போவார் என்று நான் யோசிக்கவே இல்லை என்று சொன்னால் பொய். கதவு திறக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. என் பேனா நின்றது. திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் பார்த்தவள் ஆகிவிடுவேன். கால் மணி நேரத்தில் அவர் வெளியே வந்து, சப்பாத்தை மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டு, கையசைத்துவிட்டுப் போனார். பதினொரு மணிக்கு அக்கா தன் அட்டையைக் காட்டி உள்ளே போய்த் துடைத்துவிட்டு வந்தார். அன்றைய நாள் அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை காலை ஆய்வுகூடத்திலிருந்து தொலைபேசி வந்தது. அவர்களுடைய அலுமாரியில் ஒரு ஹார்ட் டிஸ்க்கைக் காணவில்லை. நோயாளிகளின் இரத்தப் பரிசோதனை அறிக்கைகள் எல்லாம் இருக்கிற பெட்டி. யாருக்குச் சீனி வியாதி, யாருக்கு வேறு வியாதி, யார் பிள்ளைத்தாய்ச்சி, எல்லாம். பிரதி ஒன்று இருந்ததால் வேலை நிற்கவில்லை. ஆனால் அது வெளியே போனால் கண்டி முழுக்க நாறும் என்று அவர்களுடைய பெரியவர் கத்தினார். மாலைக்குள் ஆளைக் கண்டுபிடிக்காவிட்டால் பொலிஸ் என்றார்.

முகாமையாளர் என் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு தன் அறைக்குப் போனார். கதவுப் பதிவையும் அச்செடுத்தார். புதன்கிழமை கல்லூரிக்காரரின் அட்டை இரண்டு தடவை, அக்காவின் அட்டை ஒரு தடவை. கல்லூரிக்காரர் ஏன் இரண்டு தடவை என்று தொலைபேசியில் கேட்டார்கள். “டாய்லட் போயிருப்பேன்” என்றாராம். டை கட்டியவர் சொன்னால் அது பதில். அதற்கு மேல் ஒருவரும் கேட்கவில்லை.

மீதி இருந்தது அக்கா. முகாமையாளர் அவரை என் மேசைக்கு முன்னால் கூப்பிட்டார்.

“புத்தகத்தில ரெண்டு பேர்தான் இருக்கினம். அவர் படிச்ச மனுசன். நான் என்னத்தை நினைக்கிறது, சொல்லுங்கோ பாப்பம்.”

“ஐயா, சாமி சத்தியமா நான் எதையும் தொடலங்க. அந்தப் பொட்டி எப்பிடி இருக்கும்னுகூட எனக்குத் தெரியாதுங்க.”

“அலுமாரி திறப்பு சப்பாத்துக்குள்ள கிடக்கிறது உமக்குத் தெரியுந்தானே. சப்பாத்தில கை வைக்கிறது நீர் ஒராள்தானே.”

கேட்டுக்கொண்டே இருந்தேன். வாளிக்குள் போடச் சொன்ன வாய் அது. காவலாளியை மேலே கூப்பிட்டார்கள். தினமும் பை பார்க்கிறவர் அவர். புதன்கிழமையும் பார்த்தேன், ஒன்றும் இருக்கவில்லை என்று சொன்னார். அது நல்லதுக்குத்தான் என்று நான் ஒரு விநாடி நினைத்தேன். முகாமையாளர், “அப்ப குப்பைச் சாக்குக்குள்ள போட்டுக் கொண்டுபோயிருக்கிறா” என்றார். பை சோதிக்கப்பட்டதே அவருடைய கெட்டித்தனத்துக்கு அத்தாட்சியாகிவிட்டது. ஆறு வருடத்தில் அந்தக் கட்டடத்தில் சோதிக்கப்பட்ட ஒரே மனுஷி, குற்றவாளி. சோதிக்கப்படாத அத்தனை பேரும் உத்தமர்கள்.

மறுபடியும் பையைத் திறக்கச் சொன்னார்கள். அக்கா அதை என் மேசைமேல், என் புத்தகத்துக்குப் பக்கத்தில் கொட்டினார். சாப்பாட்டுப் பெட்டி, வெற்றிலைச் சுருள், ஒரு மாத்திரை அட்டை, மடித்த துண்டு, ஒரு குடை. அக்கா என்னைப் பார்த்தார். நீயாவது ஏதாவது சொல்லேன் என்கிற பார்வை. நான் புத்தகத்தைப் பார்த்தேன். ஆய்வுகூடத்துக்காரர் வந்ததைச் சொல்ல ஒரு வசனம் போதும். அந்த வசனத்தோடு என் உத்தியோகம் போகும், அப்பாவின் கடித உறை போகும், அம்மா யாருக்கும் முகம் காட்ட மாட்டாள். இவ்வளவையும் நினைக்க எனக்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இந்த மாதிரிக் கணக்கில் நான் கெட்டிக்காரி.

“திங்கக்கிழமை வாங்கோ, கதைப்பம்” என்றார் முகாமையாளர். அக்கா சாமான்களைப் பைக்குள் போட்டுக்கொண்டு போனார். ஆய்வுகூடத்துப் பெரியவரிடம் ஆள் அகப்பட்டுவிட்டது, பொலிஸ் வேண்டாம், எழுத்தில் வாங்கித் தருகிறேன் என்று முகாமையாளர் சொல்வது சுவருக்கு இந்தப் பக்கம் கேட்டது.

திங்கட்கிழமை காலை என்னையும் அறைக்குள் கூப்பிட்டார்கள். அக்கா கதிரையின் நுனியில் உட்கார்ந்திருந்தார். கண் வீங்கியிருந்தது. மேசையில் ஆங்கிலத்தில் தட்டச்சுச் செய்த ஒரு கடிதம்.

“பிள்ளை, உதை ஒருக்காத் தமிழில வாசிச்சுச் சொல்லும். விளங்கிக்கொண்டுதான் கையெழுத்து வைச்சவ எண்டு நீர் சாட்சி வைக்கவேணும்.”

வாசித்தேன். இதில் கையொப்பமிடும் நான், என்று தொடங்கியது. புதன்கிழமை மண்டபத்தைத் துப்புரவு செய்யும்போது, அறியாமையினால், ஒரு பொருளைக் கழிவு என்று நினைத்து எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டேன். நிறுவனத்தின் பாதுகாப்பு ஏற்பாடுகளில் எந்தக் குறையும் இருக்கவில்லை. இந்த இடத்தில் எனக்கு வாய் நின்றுவிட்டது. திருடி என்றுகூட எழுதவில்லை அந்த மனிதர். அறியாமை என்று எழுதியிருந்தார். தன்னுடைய அறியாமை, காவலாளியின் அறியாமை, கொழும்புக்காரர்களின் அறியாமை, என்னுடையது, எல்லாவற்றையும் சேர்த்து ஒரு பெண்ணின் தலையில் கட்டி, அதற்குக் கீழே அவருடைய கையெழுத்துக்கு ஒரு கோடும் போட்டிருந்தார்.

“மிச்சத்தையும் வாசியும்.”

“சார், புதன்கிழமை ஆய்வுகூடத்து ஆள் வந்தாரு” என்றேன். “பத்தரைக்கு. அவர்கிட்ட செல்லுபடியாகிற அட்டை இல்ல. கல்லூரிக்காரரோட சப்பாத்துல இருந்துதான் எடுத்திருக்கணும். நான்தான் உள்ள விட்டேன். புத்தகத்துல எழுதல.”

முகாமையாளர் எழுந்து போய் அறைக் கதவைச் சாத்தினார். அந்தக் கட்டடத்தில் நான் பார்த்த ஒரே உடனடிப் பாதுகாப்பு நடவடிக்கை அது.

“உதை ஏன் இப்ப சொல்லுறீர்?” என்றார். முன்னமே ஏன் சொல்லவில்லை என்று கேட்கிறாரா, எதற்காகத்தான் சொன்னாய் என்று கேட்கிறாரா என்று எனக்கு விளங்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தால் இரண்டாவது மாதிரித்தான் இருந்தது.

ஆய்வுகூடத்துக்காரருக்குத் தொலைபேசி எடுத்தார்கள். சத்தமாக வைத்ததால் எல்லோருக்கும் கேட்டது.

“அந்த டிஸ்க்கா சார்? அது என்கிட்டதானே இருக்கு! பழுதாகப் போறமாதிரி சிவப்பு லைட் எரிஞ்சிச்சு. டவுன்ல கம்பியூட்டர் கடை வச்சிருக்கிற நம்ம கூட்டாளி ஒருத்தன்ட பாக்கக் கொடுத்தேன். எங்க பெரியவரு சத்தம் போடுறாருன்னு கேள்விப்பட்டேன், இதுக்குன்னு நெனைக்கல. வேற என்னமோ தொலைஞ்சிடுச்சாக்கும்னு இருந்தேன்.”

கண்டி முழுவதின் இரத்தமும் ஐந்து நாளாக ஒரு கடையின் மேசை லாச்சியில், உடைந்த கைத்தொலைபேசிகளோடு கிடந்திருக்கிறது. அவரும் மூன்று நாளாக வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறார். நினைக்கவில்லையாம். நினைத்தார். அட்டை இல்லாமல் உள்ளே போனதால் நினைக்காத மாதிரி இருந்தார். எனக்கு அந்த வித்தை நன்றாகத் தெரியும்.

முகாமையாளர் சிரித்தார். உண்மையாகவே சிரித்தார், வயிறு குலுங்க. திருட்டு இல்லை, பொருள் இருக்கிறது, எடுத்தவர் உரியவரின் ஆள். இனி யார் மேலும் குறை இல்லை. கடிதத்தை இரண்டாகக் கிழித்துக் கூடைக்குள் போட்டுவிட்டு அக்காவைப் பார்த்து, “பிழை விட்டிட்டம், குறை நினையாதேங்கோ. நாளைக்கு வழமைபோல வாங்கோ” என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, புத்தகத்தில் புதன்கிழமைப் பக்கத்தைத் திறந்து வைத்தார். கல்லூரிக்காரரின் பெயருக்கும் அக்காவின் பெயருக்கும் நடுவில் கொஞ்சம் இடம் இருந்தது.

“ஒரு வரி பிடிக்கும்” என்றார். “சின்னனா எழுதும்.”

எழுதினேன். வந்த நேரம் பத்து முப்பது, போன நேரம் பத்து நாற்பத்தைந்து. ஆறு வருடத்தில் நான் சரியாக எழுதிய ஒரே போன நேரம். அட்டை இலக்கத்துக்குப் புதிய இலக்கமாக ஒன்றை முகாமையாளரே சொல்லித் தந்தார். எனக்கு எச்சரிக்கைக் கடிதம்கூடத் தரவில்லை. எச்சரிக்கை என்று எழுதினால் எதற்கு என்றும் எழுத வேண்டுமே.

வெளியே வந்தபோது அக்கா படியில் இறங்கிக்கொண்டிருந்தார். நான் ஓடிப்போய்ப் பிடித்தேன். கையைப் பிடிக்கப் போனேன், அவர் பையை மறு தோளுக்கு மாற்றினார்.

“அக்கா, மன்னிச்சுக்கங்க. என்னாலதான் இவ்வளவும்.”

“வெள்ளிக்கெழமையே ஒனக்குத் தெரியுமா புள்ள?”

“தெரியும்.”

அவர் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோபப்படுவார், திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

“எம் மக புதங்கெழமை பின்கதவுப் பக்கம் வந்துச்சு. வீட்டுத் தெறப்பக் குடுத்துட்டுப் போக வந்துச்சு. நான் குப்பச் சாக்கக் கீழ கொண்டுபோயி வச்சிட்டு வர்ற வரைக்கும் அங்கதான் தனியா நின்னுச்சு” என்றார். “நான் எடுக்கல. புத்தகத்துல வேற யாரும் இல்லன்னு ஐயா சொல்றாரு. நீ எழுதுற புத்தகம், நீ பொய் எழுதுவியான்னு நெனச்சேன். அப்ப வேற யாரு?”

அவர் தோளில் கிடந்த பையைக் கழற்றிக் கையில் பிடித்தார்.

“போட்டு அடிச்சேன் புள்ள. இருவத்திரெண்டு வயசுப் புள்ளைய. லயமே வேடிக்க பாக்க, அதோட பொட்டியெல்லாம் வெளிய தூக்கிப்போட்டுத் தேடுனேன். நான் எடுக்கலம்மா, நான் எடுக்கலம்மான்னு கத்துச்சு. வெள்ளிக்கெழமை ராவு போனதுதான். கூட வேல செய்ற புள்ளைக ரூம்புல இருக்காம். கடைக்குப் போனேன், மூஞ்சியப் பாக்க மாட்டேங்குது.”

கீழே காவலாளி எழுந்து நின்று யாருக்கோ சல்யூட் அடிக்கிற சத்தம் கேட்டது. அக்கா இரண்டு படி இறங்கி, நின்று, திரும்பிப் பார்த்தார்.

“சனி, ஞாயிறு ரெண்டு நாளும் நீ என்னா பண்ணிக்கிட்டு இருந்த?” என்றார்.

கேட்டது சண்டைக்கு இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். சனிக்கிழமை நான் ஒரு சிநேகிதியின் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். புதுச் சேலை கட்டி, பூ வைத்து, மணப்பெண்ணுக்குப் பக்கத்தில் நின்று படம் பிடித்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம்வரை தூங்கினேன். அதை அவரிடம் சொல்லவில்லை.